மோதிரம் கழன்ற நாள்

பாதர்ஸ்ட் வீதியில் சித்தி வேலை செய்த வீட்டில் இரண்டு சிங்க் இருந்தன. ஒன்று இறைச்சிக்கு, மற்றது பாலுக்கு; அவர்கள் சமயத்தில் இரண்டும் கலக்கக் கூடாதாம். எது எதற்கு என்று சித்திக்கு மொழிபெயர்த்துச் சொன்னவள் நான்தான். எனக்கு வயது ஒன்பது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மா என்னைச் சித்தியோடு பஸ் ஏற்றிவிடுவார். நான் போகாவிட்டால் அந்த வீட்டில் ஒரு வேலையும் நடக்காது என்பது என் எண்ணம்.

வீட்டுக்கார யூத அன்ரிக்குச் சித்தியின் வயதுதான். புருஷன் பிரிந்துபோய்த் தோண்ஹில் என்ற பக்கத்து ஊரில் தாயோடு இருந்தான். கோர்ட்டில் விவாகரத்து எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அவர்களுடைய சமயச் சட்டப்படி, புருஷன் மனம் ஒத்து விலக்குத் தாளை அவள் கையில் போடவேண்டும். போடும்வரை அவள் மனைவிதான். வேறு கல்யாணம் கிடையாது. அவன் வருஷக்கணக்காக இழுத்தடித்தான். அன்றைக்குத்தான் குருமார் முன்னால் வருவதாகச் சொல்லியிருந்தான்.

தாளை வாங்கும் கையில் மோதிரம் இருக்கக் கூடாதாம். அன்ரியின் மோதிரமோ விரலோடு இறுகிக் கிடந்தது. சித்தி அவள் கையைப் பிடித்துத் தண்ணீருக்குக் கீழே வைத்தார்.

“எந்தச் சோப் எண்டு கேள். இறைச்சிச் சோப்போ, பால் சோப்போ?”

நான் கேட்டேன். அன்ரி கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள். மோதிரம் கழன்றது.

பின்னேரம் திரும்பி வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தாள். அவன் வரவில்லை. விரலில் வெள்ளையாய் ஒரு வளையத் தடம் மட்டும் இருந்தது. சித்தி தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார்.

உன் புருஷன் எங்கே என்று அன்ரி கேட்டாள். சித்தப்பாவை ஊரில் சண்டை நேரம் ஆமி பிடித்துக்கொண்டு போனது. பிறகு தகவல் இல்லை. நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தங்கள் சட்டத்தில் அதற்கும் இதே கதிதான், செத்தான் என்று சாட்சி வரும்வரை அவள் மனைவிதான் என்றாள் அன்ரி.

சித்தி தாலிக்கொடியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டார். “எங்களுக்கு உப்பிடிச் சட்டம் ஒண்டும் இல்லை எண்டு சொல்லு. கதைக்கச் சனம் இருக்கு.”

அதையும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன். அன்ரி தன் தேத்தண்ணியைச் சித்தியின் பக்கம் தள்ளினாள்; ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அலுப்பாக இருந்தது.

பஸ்ஸில் சித்தி கண்ணாடியில் தலை சாய்த்திருந்தார். நித்திரை என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

“அவளுக்கு ஆள் எங்கை இருக்கிறான் எண்டாவது தெரியும்.”

அந்த இடத்தின் பெயரைச் சித்தி மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எனக்குப் பட்டது.

“தோண்ஹில், சித்தி,” என்றேன். “ஒரு பஸ் மாறினாப் போயிடலாம்.”

சித்தி என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். சரியாகப் பதில் சொல்லிவிட்ட திருப்தியில் நான் தூங்கிப்போனேன்.