பக்கம் மாறிக் கறந்த அண்ணன்

மெல்கியோர் ரூஷ் வரைந்த பசுவைப் பார்த்து டோகன்புர்க் பள்ளத்தாக்கில் ஒரு நிஜக் கன்று பால் குடிக்க ஓடிவந்து படத்தை முட்டியது. சரி, முட்டவில்லை. எட்டித்தான் பார்த்தது, அதுவும் அவன் பையில் ரொட்டி இருந்ததால். ஆனாலும் அவன் கை அப்படிப்பட்ட கை.

மாட்டுக்காரர் வீட்டு இளைய பிள்ளை அவன். பத்தொன்பது வயதில் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு நகரத்துக் கல் அச்சகத்தில் சேர்ந்தான். சாக்லேட் உறைகளுக்கு எழுத்து வரையும் வேலை. கல்லில் வரைவது காகிதத்தில் இடவலம் மாறி விழும். அதனால் எழுத்தையெல்லாம் புரட்டியே எழுத வேண்டும். அந்த வித்தை அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டு, வைக்கோல் போரையும் தொழுவத்தையும் வரைந்தான். நகரத்தார் விரும்பி வாங்கினார்கள்.

அண்ணன் யோஸ்ட் மட்டும் எட்டு வருடமாக அவனோடு பேசவில்லை. யாராவது விசாரித்தால், "கல்லுல பால் கறக்கப் போயிருக்கான்" என்பதோடு சரி.

அண்ணனைப் பேசவைக்க மெல்கியோர் அவனையே வரைந்தான்: இடுப்பில் கட்டிய ஒற்றைக்கால் மணையில் குந்தி, பசுவின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கறக்கிற யோஸ்ட். நாற்பது பிரதி அச்சிட்டு, முதல் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து அண்ணி எல்ஸ்பெத்திடம் நீட்டினான்.

யோஸ்ட் அதைப் பிடுங்கிச் சன்னலோரம் வைத்துப் பார்த்தான்.

"எல்ஸ்பெத், அந்தத் துரைகிட்ட கேளு. வலப்பக்கம் பழகுன மாட்டுக்கு எந்தக் கூமுட்டை இடப்பக்கம் உக்காந்து கறப்பான்? உதை வாங்கவா?"

மெல்கியோருக்கு முகம் சிவந்துவிட்டது. மூலையில் கையெழுத்து நேராக இருந்தது; அதை மறக்காமல் புரட்டி எழுதியிருந்தான். அண்ணனைப் புரட்டத்தான் மறந்துபோனான்.

"அண்ணி, கல்லுல வலப்பக்கம்தான் வரைஞ்சேன். அச்சுல திரும்பிடுச்சு."

"அப்ப கல்லுல நான் சரியா இருக்கேனாமா? கேளு."

"எனக்குக் கழுத்து வலிக்குது. நேராத்தான் பேசித் தொலைங்களேன்" என்றாள் எல்ஸ்பெத்.

"சரியாத்தான் இருக்காரு, அண்ணி. ஆனா நாளைக்கு அந்தக் கல்லைத் தேய்ச்சு அழிச்சிடுவேன். அடுத்த படத்துக்கு வேணும்."

யோஸ்ட் சடாரென்று தம்பி பக்கம் திரும்பினான்.

"டேய், சரியா உக்காந்திருக்கிறவனை அழிச்சிட்டு, தப்பா உக்காந்தவனை ஊரெல்லாம் விப்பியா?"

மெல்கியோர் அண்ணியை விட்டு அண்ணன் பக்கம் திரும்பினான். அண்ணன் தன்னைப் பார்த்தல்லவா கேட்டான்!

"அழிக்கலண்ணே. நீயே எடுத்துக்கோ."

மறுநாள் யோஸ்ட் பாலாடைக்கட்டி சுமக்கும் மரச்சட்டத்தோடு பட்டறைக்குப் போனான். முப்பது கிலோ கல்லை அதில் கட்டி, அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றிச் சுமந்து மலையேறினார்கள். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை; அந்த மௌனத்திலேயே மனக்கசப்பெல்லாம் கரைந்துவிட்டது.

இந்தக் கதையை இதுவரை நான் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த எல்ஸ்பெத், பின்னல் ஊசியைக் கீழே வைத்தாள்.

"மௌனமா? நல்லாயிருக்கே! நான் பின்னாலயே வந்தவ. தூக்குறது யாரு முறைன்னு ஆரம்பிச்சு, எட்டு வருஷத்துச் சண்டையையும் ஒண்ணு விடாம போட்டு முடிச்சுட்டுத்தான் வீட்டுப் படியேறினாங்க."