ஆடிப் பதினெட்டில் நான் அழித்த பக்கங்கள்

முப்பத்தொன்றாக இருந்த எங்கள் வெப்சைட்டின் ஸ்கோர், ஒரு புதன்கிழமை காலை பத்தொன்பது என்று காட்டியது. நான் முதலில் கண்ணாடியைத் துடைத்தேன். அடுத்து மானிட்டரைத் துடைத்தேன். அதற்குப் பிறகும் அது பத்தொன்பதாகவே இருந்ததால், முதலாளி வருவதற்குள் கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

திருத்தங்கலில் தினசரி காலண்டர் அடிக்கும் ஒரு அச்சகத்தில் எனக்கு வேலை. டிடிபி ஆபரேட்டராகச் சேர்ந்தவன். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக வெப்சைட்டும் என் தலையில் விழுந்தது.

1. மார்க்

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். நெட்டில் ஒருவர் ‘காலண்டர் பிரிண்டிங்’ என்று தேடினால், முதல் பக்கத்தில் வருகிற கம்பெனிக்குத்தான் போன் போடுவார். இரண்டாம் பக்கம் பஸ் நிற்காத ஊர் மாதிரி. யாரை எதற்காக முன்னால் வைக்கிறது என்பதைத் தேடுபொறி முழுதாக வெளியே சொல்லாது. அதனால் வேறு சில கம்பெனிகள், எத்தனை பேர் நம் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் பார்த்து, நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு மார்க் போடுகின்றன. குத்துமதிப்புதான். ஆனால் மார்க் என்று ஒன்றைக் காட்டிவிட்டால் மனுசன் விடுவானா? தன் மகனின் பத்தாம் வகுப்பு மார்க்கைக்கூட எங்கள் முதலாளி இப்படி விசாரித்ததில்லை.

“ஏலே செல்வராசு, இன்னைக்கு எம்புட்டு?”

“முப்பத்தொண்ணு, அண்ணாச்சி.”

“எதுத்தாப்ல உள்ளவுகளுக்கு?”

அது எதிர் வரிசையில் இருக்கும் இன்னொரு காலண்டர் கம்பெனி.

“இருபத்தெட்டு.”

“அப்ப டீ சொல்லு.”

2. என் வைத்தியம்

பத்தொன்பது ஆன அன்று டீ வரவில்லை. அதைவிட மோசம், வெளியூர்க் கடைக்காரர்களிடமிருந்து வரும் போனும் நின்றுபோயிருந்தது. சீசன் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

“எதுத்தாப்ல உள்ளவுகதாம்லே என்னமோ பண்ணிருக்காக” என்றார் முதலாளி. “அந்த வெளியூர் ஆர்டரை நம்பித்தான் ரெண்டாவது மிஷினை ஓட்டலாம்னு இருந்தேன். ஆவணி முடியுறதுக்குள்ள போன் அடிக்கலைன்னா, நீயும் உன் வெப்சைட்டும் வீட்டைப் பாக்கப் போயிருங்க.”

நான் போர்க்கால நடவடிக்கை எடுத்தேன். நிறையத் தடவை தேடி அமுக்கினால் பக்கம் மேலே ஏறிவிடும் என்பது என் கணக்கு. என் மனைவி சமையலுக்கு நடுவே பத்துத் தடவை தேடி எங்கள் பக்கத்தை அமுக்க வேண்டும். சூலக்கரையில் ஆபீஸ் வேலை பார்க்கும் மச்சினன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது தடவை. நான் கணக்கில்லாமல். மூன்றாம் நாள் என் போனில் எங்கள் கம்பெனி முதல் இடத்தில் வந்து நின்றது! பைண்டிங் செக்ஷன் வழியாக ஓடினேன்.

“அண்ணாச்சி, மொதல்ல வந்துட்டோம்!”

அவர் தன் போனை எடுத்துத் தேடினார். மூன்றாம் பக்கம் வரை போயும் நாங்கள் இல்லை. அதையே ஓயாமல் தேடியதால், எனக்கு வேண்டியதை என் போன் எனக்கு மட்டும் காட்டியிருக்கிறது.

“உன் போன்லதான் வருது. அப்ப நீயே ஆர்டர் தர்றியா?”

பைண்டிங் அக்காக்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

3. நாமக்கல்லிலிருந்து ஒரு போன்

அடுத்த வாரம் ஆபீஸ் போன் அடித்தது. நாமக்கல்லில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளர்.

“ஏனுங்க, கம்பெனிய மூடிட்டீங்களா?”

“இல்லீங்களே. ஏன் கேக்குறீக?”

“போன வருசம் உங்ககிட்ட அடிச்ச டிசைன் பக்கத்தோட லிங்க்கை எங்க வியாபாரிக சங்கத்து வெப்சைட்ல போட்டு வெச்சிருந்தனுங்க. அதப் பாத்துத்தான் மத்த கடைக்காரங்களும் உங்களுக்குப் போன் பண்ணுவாங்க. இப்ப அமுக்குனா பக்கமே இல்லைன்னு வருதுங்க.”

அந்தப் பக்கத்தை அழித்தவன் நான்தான்.

எங்கள் ஊரில் ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டு, அடுத்த வருட டிசைன் மாதிரிகளெல்லாம் அடங்கிய புது காலண்டர் ஆல்பம் வெளியிடுவோம். எங்கள் அச்சகத்தில் அன்றே ஏஜென்ட்களிடமிருந்து பழைய ஆல்பத்தை வாங்கிக் கழித்துவிடுவோம். இல்லையென்றால் யாராவது பழைய டிசைனுக்கு ஆர்டர் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். இந்தத் தடவை நெற்றி நிறையத் திருநீறும் வாய் நிறையப் பொங்கலுமாக வந்த நான், அதே பக்தியில் வெப்சைட்டிலிருந்த பழைய ஆல்பப் பக்கங்களையும் ஒன்று விடாமல் கழித்துவிட்டேன். முந்தைய வருடங்களில் சோம்பல்பட்டு விட்டுவைத்திருந்தேன். வெளியூர்க்காரர்கள் கொடுத்திருந்த லிங்க்கெல்லாம் அந்தப் பழைய பக்கங்களுக்குத்தான், அதனால் அந்தச் சோம்பல்தான் எங்களை முதல் பக்கத்தில் வைத்திருந்தது.

பேக்கப் இருந்தது, நான் பிழைத்தேன். பழைய பக்கங்களை அதே முகவரிகளில் திரும்ப ஏற்றி, ஒவ்வொன்றின் தலையிலும் ‘புது ஆல்பம் இங்கே’ என்று வழி போட்டேன். பிறகு முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“எதுத்தாப்ல உள்ளவுகளை ஊரெல்லாம் ஏசிட்டேனேலே!”

“என்னைய நிறுத்திருவீகளா, அண்ணாச்சி?”

“ஆவணி இன்னும் முடியலைல்ல. போயி போன் பக்கத்துல உக்காரு.”

உட்கார்ந்தேன். முதலில் கரூர் அடித்தது, பிறகு தருமபுரி. ஆவணி கடைசி வாரம் இரண்டாவது மிஷினும் ஓடத் தொடங்கியது. ஸ்கோர் மட்டும் அசையவே இல்லை. அது பழைய இடத்துக்கு வரக் கார்த்திகை ஆனது.

நான் கற்றது இதுதான்: வெப்சைட்டில் டிசைனை மாற்றுங்கள், பக்கத்தின் முகவரியைக் கழிக்காதீர்கள். நான் இங்கே உட்கார்ந்து மார்க்கைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். அந்த மார்க்கை வாங்கிக் கொடுத்தவர் நாமக்கல்லில் பெயிண்ட் டப்பா விற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது வருடா வருடம் முதல் கட்டுக் காலண்டர் இலவசமாகப் போகிறது. அதைப் பார்சல் கட்டி, பஸ் ஸ்டாண்டு வரை தோளில் சுமந்துபோய் ஏற்றிவிட வேண்டியது நான். முதலாளி எனக்குக் கொடுத்த தண்டனை அது ஒன்றுதான்.