ராகு காலத்துக்கு முந்தின இரண்டு நிமிஷம்

கூடைப்பந்தில் கடைசி இரண்டு நிமிஷம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. விசில் ஊதினால் கடிகாரம் நிற்கும். பந்து வெளியே போனால் நிற்கும், ஒருத்தியை ஒருத்தி இடித்தால் நிற்கும். கால் மணிகூட இழுக்கும். என் வீட்டுக்காரிக்கு இது கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது. ‘ரெண்டு நிமிஷத்துல வாரேன்’ என்று நான் சொன்னால் அடுப்பையே பற்றவைக்க மாட்டாள்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். தாராவியில் பை தைக்கிற பட்டறையில் வேலை. சாயங்காலம் மாட்டுங்கா மைதானத்துக் கம்பிவேலிக்கு வெளியே நின்று ஆட்டம் பார்ப்பேன். ஒருநாள் ஆள் குறைந்தது, என் உயரத்தைப் பார்த்து உள்ளே கூப்பிட்டார்கள். முழங்கால் போகிறவரைக்கும் ஆடினேன். போனபிறகு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்படியே கோச் ஆகிவிட்டேன். காலையில் மைதானம், பகலில் தையல் மெஷின், சாயங்காலம் திரும்ப மைதானம். மூத்தவன் பிறந்தபோது புனேயில் டோர்னமெண்ட். செம்பூர் ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது பிள்ளை முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கேயோ போகிறேன். கடைக்குட்டி மகளின் நிச்சயத்தைச் சொல்ல வந்தேன்.

போன வருஷம், ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் கல்யாண் ஊர்க்காரர்கள், ரயிலில் வரவேண்டும். முற்பகலில் எங்கள் வீட்டில் தட்டு மாற்றுவதாகப் பேச்சு. நான் சொல்லிக்கொடுக்கிற பெண்பிள்ளைகளுக்கு ஃபைனல் மூன்று மணிக்கு. இரண்டும் நடக்கும் என்றுதான் இருந்தேன். ஆனால் அன்றைக்குத் தண்டவாள வேலைக்காக ரயில்வேயில் மெகா பிளாக். மாப்பிள்ளையின் அத்தைமார் சேலை கட்டிக் கிளம்பத் தாமதமாகி, பாதி வழியில் வண்டி நின்றுபோய், காட்கோபரில் இறங்கி அத்தனை பேரும் டாக்ஸி தேடினார்கள். இரண்டரை மணியாகியும் வரவில்லை. ‘பக்கம்தானே, வந்ததும் கூப்பிடுங்க’ என்று மைதானத்துக்குப் போய்விட்டேன்.

ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் மச்சினன் போன் செய்தான்.

“அத்தான், எல்லாரும் வந்துட்டாவ. நாலரைக்கு ராகு காலம். நான் தட்டு மாத்திரட்டா, இல்ல நீங்க வாரியளா?”

போர்டைப் பார்த்தேன். “ரெண்டு நிமிஷம்தான் இருக்கு.”

அதை அவன் அப்படியே சபையில் சொல்லிவிட்டான். ரெண்டு நிமிஷம்தானே, தகப்பனே வந்து மாற்றட்டும் என்று பெரியவர்கள் காத்திருந்தார்கள். என் வீட்டுக்காரி அடுக்களையில் இருந்தாள். அவள் காதில் விழுந்திருந்தால் தம்பி கையில் தட்டைக் கொடுத்திருப்பாள்.

மைதானத்தில் ஃபௌல் மேல் ஃபௌல். சமநிலையில் முடிந்து, கூடுதல் நேரம் என்றார்கள். போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. பழைய மாணவி ஒருத்தியை பெஞ்சில் என் இடத்தில் உட்காரவைத்துவிட்டு ஓடினேன்.

நான் நுழைந்தபோது நாலரை தாண்டியிருந்தது. தட்டு அப்படியே இருந்தது. மகள் மட்டும் எழுந்து வந்து, என் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“கல்யாணத்தன்னைக்காவது வருவாவளா?” என்றாள் மாப்பிள்ளையின் அத்தை. “இல்ல, அன்னைக்கும் ரெண்டு நிமிஷமா?”

சம்பந்தி எழுந்தார். “நேரம் தப்பிட்டு. ரயிலும் சரியில்ல. இன்னொரு நாள் பாத்துக்கிடுவோம்.”

முந்தி வந்த ஒரு சம்பந்தமும் இதே வார்த்தையில்தான் முறிந்தது. அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். பஜ்ஜிக் கரண்டி கையில். “ஆறு மணி வரைக்கும் இருங்கண்ணே. மாவு கரைச்சாச்சு.” சொன்னவள் நகரவில்லை. அவளைத் தள்ளிக்கொண்டு போகவா முடியும்? அவர் அரைமனதாக உட்கார்ந்தார்.

என் பையில் போன் ஒருதரம் ஒலித்தது. எடுக்கவில்லை.

“ஜெயிச்சியளா?” என்றார் சம்பந்தி.

“தெரியல. பாதியில வந்துட்டேன்.”

“பாருங்களேன்.”

எனக்குப் படிக்க வராது என்று பிள்ளைகள் செய்தியைக் குரலில் பேசித்தான் அனுப்புவார்கள். அமுக்கினேன். எங்கள் கேப்டன் குரல், அழுதுகொண்டு: “சார், ஹம் ஹார் கயே. தீதீ கீ சகாயி ஹோ கயீ நா?”

தோற்றுவிட்டோம், அக்காவுக்கு நிச்சயம் முடிந்துவிட்டதா என்று கேட்கிறாள். வீடு முழுக்கக் கேட்டது. பின்னாலேயே நாலைந்து பிள்ளைகள், “போலோ நா சார்” என்று பதில் கேட்டுக் கத்தினார்கள்.

சம்பந்தி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். “இன்னும் ஆகல, ஆறு மணிக்குன்னு சொல்லும்” என்றார். சொன்னேன். அத்தைக்காரி பஜ்ஜி எடுத்துக்கொண்டாள். ஆனாலும் அந்த ஒன்றரை மணி நேரம் நான் சாய்ந்து உட்காரவில்லை.

ஆறு தாண்டியதும் முதலில் கல்யாணத் தேதி பேசினார்கள். தை மாதத்தில் ஒரு ஞாயிறு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“அன்னைக்கு மேட்ச் இருக்கா?” கேட்டது என் வீட்டுக்காரி.

“இருக்கு” என்றேன்.

“இருந்தா இருக்கட்டும். முகூர்த்தத்த விடியக்காலம் வைங்கண்ணே” என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டு, தட்டை என் கையில் கொடுத்தாள். அதன் அடியில் தன் கையையும் வைத்துக்கொண்டாள். அவர் வாங்குகிறவரைக்கும் எடுக்கவில்லை.