சங்கரன்கோவிலில் நாலரை மணிக்குப் பிறகு

சங்கரன்கோவிலுக்குக் கோயிலுக்காகப் போவார்கள், பூ மொத்தமாக வாங்கப் போவார்கள், பெண் பார்க்கப் போவார்கள். நான் போனது டென்னிஸ் பார்க்க. எண்பத்து நான்கு மே மாதம், ஒரு சனிக்கிழமை. மதுரையில் நான் வேலை பார்க்கும் தட்டச்சு நிலையத்துக்கு வரும் நாளிதழில், கடைசிப் பக்கத்தில், கிரிக்கெட்டுக்கு அரைப் பக்கம் கொடுத்தது போக மிஞ்சிய மூலையில் நாலு வரி இருந்தது. தொழில்முறை டென்னிஸ் வீராங்கனை செல்வி சுகிர்தாவுக்கு, அவர் விளையாடத் தொடங்கிய சங்கரன்கோவில் கிளப்பில் பாராட்டு. சென்னை வீராங்கனை லலிதாவுடன் காட்சி ஆட்டம். மாலை மூன்று மணி.

மே மாதத்தில் மூன்று மணிக்கு எவன் ஆட்டம் வைப்பான்? அந்த நேரத்தில் நாய்கூட நிழலை விட்டு வராது. இதில் ஏதோ அயோக்கியத்தனம் இருக்கிறது என்று தோன்றியது. பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

காலை ஏழு மணிக்கு மதுரையில் பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் எண்பத்தைந்து கிலோமீட்டர், எட்டு ரூபாய், இரண்டரை மணி நேரம். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு பத்தேகாலுக்குச் சங்கரன்கோவில் பஸ். முப்பத்திரண்டு கிலோமீட்டர், மூன்று ரூபாய். காலையில் போகிறவர்கள் வலப்பக்கம் உட்காருங்கள். மலை தெரியும். இடப்பக்கம் வெயிலும், பருத்தி பிடுங்கிய கரிசலில் கால் நுழைகிற அளவு வெடிப்புகளும்தான்.

பஸ் கிளம்பும்போது நீளமான பைகளோடு இரண்டு பெண்கள் ஓடி வந்து ஏறினார்கள். ஒருத்தி கறுப்பு, நெட்டை, தோள் மட்டும் ஆண்பிள்ளைத் தோள். வலது முன்கை இடது கையைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. அதைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. முந்தின நாள் ராஜபாளையத்தில் ஒரு மில் மைதானத்தில் ஆடிவிட்டு வருகிறார்கள். பாராட்டு விழா வைக்கிற கிளப் கார் அனுப்பவில்லை. மாலை வாங்கக் காசு இருந்திருக்கிறது, கார் அனுப்ப மனசு இல்லை.

நடத்துநர் பைகளைக் காட்டி லக்கேஜ் போட வேண்டும் என்றார். உள்ளே என்ன என்று கேட்டார்.

“மட்டை அண்ணாச்சி,” என்றாள் சுகிர்தா.

“பூப்பந்து மட்டையா? ரெண்டு பேருக்கு எதுக்கு இத்தனை?”

“டென்னிசு. ஒண்ணு நரம்பு அந்துட்டுன்னா அடுத்ததை எடுக்கணும்லா.”

“எந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆடுதிய?”

“பள்ளிக்கூடம் எல்லாம் முடிஞ்சிட்டு. துட்டுக்கு ஆடுதேன்.”

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். “துட்டுக்கா? பொம்பளப் பிள்ளைக்கு யாரும்மா துட்டு குடுக்கா?”

“அதைத்தான் நாலு வருசமாத் தேடிக்கிட்டு அலையுதேன்.”

முன்சீட்டில் பூக்கூடை வைத்திருந்த அம்மாள் சிரித்ததில் கூடையே ஆடியது. லக்கேஜ் போடவில்லை.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டது இது. சுகிர்தாவின் அப்பா சங்கரன்கோவிலில் தலைமையாசிரியராக இருந்தவர். அந்த மரியாதைக்காக அவரைக் கிளப்பில் கௌரவ உறுப்பினர் ஆக்கியிருந்தார்கள். உறுப்பினர் வீட்டுப் பெண்கள் டென்னிஸ் ஆடலாம். ஆனால் மூன்று மணியிலிருந்து நாலரை வரைக்கும்தான். அந்த வெயிலில் எந்த வீட்டுப் பெண் வருவாள்? பதிமூன்று வயதுச் சுகிர்தா வந்தாள். கூட ஆட தாசில்தார் மகள் ஒருத்தி கிடைத்தாள். தாசில்தாருக்கு மாற்றல் வந்ததும் அவளும் போனாள். பிறகு ஒரு பொறியாளர் மகள். அவளும் அப்படியே. “எனக்குப் பார்ட்னர் யாருன்னு கலெக்டர் ஆபீஸ்லதான் முடிவு பண்ணுவாவ,” என்றாள்.

நாலரைக்கு வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். அடித்ததும் பெண்கள் வெளியேற வேண்டும். எண்ணிக்கை எதில் நின்றாலும் சரி. அதே நிமிடம் பூவாளியால் கோர்ட்டில் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோட்டைப் புதுப்பித்து, ஆண்களுக்குத் தயார் செய்வார்கள். நாலு வருடம் ஆடியும் அந்தக் கோர்ட்டில் ஒரு செட்டைக்கூட அவள் முடித்ததில்லை. துணைக்கு வருகிறவள் வீட்டுவேலை முடித்து வந்து, மட்டையைத் தொடும்போதே மணி நாலாகியிருக்குமாம்.

பிறகு பாளையங்கோட்டையில் விடுதிப் படிப்பு, மாநிலப் பட்டம், சென்னையில் ரயில்வே வேலை. நாலு வருடம் முன்பு வேலையை விட்டுவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனாள். ஐரோப்பாவில் பெயர் வாயில் நுழையாத சிற்றூர்களில், உடைமாற்றும் அறைப் பெஞ்சில் படுத்துத் தூங்கி, ஜெயித்த பணத்தில் அடுத்த ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்து ஆடியிருக்கிறாள். ஊரில் இதைக் கேட்டால் பெண்ணுக்குத் திமிர் என்பார்கள். ஆண் செய்தால் சாதனை.

ஆனால் அவளுக்கு ஒரு வியாதி இருந்தது. முன்னணியில் இருப்பாள், மூன்றாவது செட்டில் கைவிடுவாள். லலிதாவிடம் மட்டும் ஐந்து முறை அப்படித் தோற்றிருக்கிறாள். “முந்தத் தெரியுது, முடிக்கத் தெரியல. இன்னைக்கும் இவகிட்ட இப்படித் தோத்தா, பேசாம ரயில்வேல திரும்பிக் கேட்டுப் பார்ப்பேன்,” என்றாள். ஜன்னல் பக்கம் தூங்குவது போலிருந்த லலிதா கண்ணைத் திறக்காமலே, “உன் ஊருன்னு விட்டுக் குடுப்பேன்னு நினைக்காதே,” என்றாள்.

பதினொன்றரைக்குச் சங்கரன்கோவில். அவர்கள் பள்ளி விடுதிக்கு இளைப்பாறப் போனார்கள். நான் அறை கேட்டு இரண்டு லாட்ஜ் ஏறினேன். தனியாக வந்த பெண்ணிடம் இரண்டிலும் ஒரே கேள்வி: கூட யார் வந்திருக்கிறார்கள்? யாருமில்லை என்றால் அறையும் இல்லை. கோயில் பன்னிரண்டுக்கு நடை சாத்துவதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிரசாதமாகப் புற்றுமண் கொடுக்கிறார்கள். மதியம் பிரியாணி சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. ஊர் முழுக்க விசைத்தறிச் சத்தம். முதல் பத்து நிமிடம் தலை வலிக்கும், பிறகு நின்றால்தான் தலை வலிக்கும்.

கிளப் பஸ் நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர், நடந்தே போகலாம். அரசு நிலம். வாசலில் புதுப் பெயின்ட் அடித்த பலகை: பெண்கள் 3.00 – 4.30. பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு நிமிடம்கூடக் கூட்டவில்லை. மூன்று மணி மர்மம் விளங்கிவிட்டது. பாராட்டப்படுகிறவள் பெண். ஆகவே அவளுக்கும் பெண்கள் நேரம்தான். நாலரைக்கு உறுப்பினர்கள் வழக்கம்போல ஆட வேண்டுமே.

புற்றுமண் போட்டு இறுக்கிச் சாணி மெழுகிய கோர்ட். வெயிலில் தகடு போலக் காய்ந்து கிடந்தது. பந்து எழும்பாது, வழுக்கிக்கொண்டு வரும். நாலு கேம் முடிவதற்குள் வெள்ளைப் பந்துகள் சாணி ஒட்டிப் பச்சையாகிவிட்டன. பந்தலுக்குக் கீழே முப்பது நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தது எட்டுப் பேர். ஏணி மேல் உட்கார்ந்து எண்ணிக்கை சொன்னவர் உள்ளூர்ப் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர்.

முதல் செட் லலிதாவுக்கு 6–4. அவள் ஆட்டத்தில் கருணையே கிடையாது. வழுக்கும் பந்தை முழங்கால் உயரத்தில் வாங்கி மூலைக்கு மூலை ஓடவிட்டாள். இரண்டாவது செட்டில் சுகிர்தாவுக்குப் பழைய மண் ஞாபகம் வந்துவிட்டது போல. வெட்டி வெட்டி அடித்தாள், பந்து தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. 6–3. அதற்குள் மதில் மேல் தலைகள் முளைத்திருந்தன. தறியில் ஷிப்டு முடித்த பெண்கள், பூக்கட்டுகிறவர்கள், பள்ளி மாணவிகள். உள்ளே இருபத்திரண்டு நாற்காலி காலி. அவர்களை உள்ளே கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. நான் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். யாரும் தடுக்கும் முன் நாற்காலி நிரம்பிவிட்டது.

மூன்றாவது செட். சுகிர்தா 4–2. அவள் சர்வ், 40–30. நீண்ட ராலி, பந்து நெட்டைத் தாண்டித் தாண்டிப் போய் வந்தது. லலிதா தடுமாறித் தூக்கிவிட்ட பந்து மெதுவாக, சுலபமாக, சுகிர்தாவின் மட்டைக்கே வந்துகொண்டிருந்தது.

தண்டவாளம் அடித்தது.

சுகிர்தா மட்டையை இறக்கினாள். பந்து அவளைத் தாண்டிப் போய்க் கோட்டுக்குள் விழுந்தது. அவள் உடம்பு ஏற்கெனவே வெளிவாசல் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு அடி நடந்தும்விட்டாள். அப்புறம்தான் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்து நின்றாள். உலகமெல்லாம் சுற்றி வந்தவளின் காலில் இந்த ஊர் கட்டிய கயிறு அப்படியே இருந்தது.

40–40. “டியூஸ்,” என்றார் ஏணி மேலிருந்தவர், மன்னிப்புக் கேட்கும் குரலில். அந்தப் பாயின்ட்டைத் திரும்ப ஆடலாம் என்றாள் லலிதா. வேண்டாம், விட்டது விட்டதுதான் என்றாள் சுகிர்தா.

அதற்குள் செயலாளர் மாலையோடு வந்துவிட்டார். ஊரில் பெரிய வக்கீல். பின்னால் வெள்ளை அரைக்கால் சட்டையில் நாலு உறுப்பினர்கள்.

“நல்லா ஆடினம்மா. போதும், சமம்னு வச்சுக்கிடலாம். ரெண்டு பேரும் ஜெயிச்ச மாதிரி. மெம்பர்ஸ் வந்துட்டாவ பாரு.”

“சார், நாலு வருசம் இங்கன ஆடியிருக்கேன். அப்ப ஒரு செட்டு முடிச்சதில்ல. இன்னைக்கு ஆட்டத்தையே முடிச்சிட்டுத்தான் வெளிய வருவேன்.”

“ரூல்னு ஒண்ணு இருக்குல்லா.”

நாற்காலியில் இருந்த தறிக்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்தபடியே கேட்டாள்: “பாதிச் சேலையில தறிய நிறுத்தச் சொல்லுதியளே வக்கீலய்யா, கூலி யாரு தருவா?”

சிரிப்பு மதிலைச் சுற்றி ஓடியது. செயலாளருக்குக் காது சிவந்தது. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரம் செய்வது கஷ்டம். காவலாளி மாடசாமியைப் பார்த்து, தண்ணி தெளிக்கச் சொன்னார். அதுதான் அவர்களின் ஆயுதம். ஒரு வாளி தெளித்தால் போதும், சாணித்தரை வழுக்கிவிடும், அரை மணி நேரத்துக்கு யாரும் ஓட முடியாது.

மாடசாமி பூவாளியைத் தூக்கினார். கோர்ட்டைப் பார்த்தார், சுகிர்தாவைப் பார்த்தார். வேப்பமரத்தடிக்கு நடந்து போய், முழுத் தண்ணீரையும் நிதானமாக வேரில் கவிழ்த்தார்.

“தண்ணி தீந்துட்டு சார்.”

ஆட்டம் தொடர்ந்தது. சுலபமாக அல்ல. அடுத்த இரண்டு பந்தையும் நெட்டில் அடித்து அந்த கேமை இழந்தாள், 4–3. லலிதா சமன் செய்தாள். ஆளுக்கொன்றாக 5–5 வரை போனது. ஐந்து முறை தோற்ற அதே இடம். பஸ்ஸில் சொன்ன ரயில்வே வேலை என் ஞாபகத்துக்கு வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். சர்வ் போடும் முன் ஒரு முறை தண்டவாளத்தைத் திரும்பிப் பார்த்தாள். அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அந்த கேமை ஒரு பாயின்ட்கூட விடாமல் எடுத்தாள். 6–5.

கடைசி கேமில் லலிதாவின் சர்வ். இரண்டு முறை டியூஸ். பிறகு சுகிர்தாவுக்குச் சாதகம், இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தால் போதும். வெட்டி அடித்துவிட்டு, முதல் முறையாகக் காத்திருக்காமல் நெட்டுக்கு ஓடினாள். லலிதா உடம்புக்கு நேரே வேகமாக அடித்தாள். சுகிர்தா மட்டையைக் குறுக்கே வைத்தாள். பந்து நெட்டைத் தாண்டிப் பொத்தென்று விழுந்து, சாணித்தரையில் எழும்பாமல் செத்தது.

7–5. மணி ஐந்தே கால்.

மதில் மேலிருந்தவர்கள் உள்ளே குதித்தார்கள். தறிக்காரப் பெண் சுகிர்தாவின் பெருத்த முன்கையைப் பிடித்துப் பார்த்து, “எங்க கைய விடத் தடியால்லா இருக்கு,” என்றாள். செயலாளர் மாலையைப் போட வந்தார். கழுத்தைச் சாய்த்து வாங்கி, கழற்றி நெட் கம்பத்தில் மாட்டினாள். பிறகு மாணவிகள் பக்கம் திரும்பி, “ஏட்டி, வேடிக்கை பார்த்தது போதும். வந்து மட்டையப் புடிங்க,” என்றாள். இருட்டும் வரை அந்தப் பிள்ளைகள் அடித்தார்கள். பந்து மதிலைத் தாண்டியது, பந்தலில் விழுந்தது, ஒன்று உறுப்பினர் ஒருவரின் காலடிக்குப் போனது. அவர் எடுத்துக் கொடுத்தார். நாலு வெள்ளைச் சட்டைகளும் கஞ்சி கலையாமல் உட்கார்ந்திருந்தன.

பஸ் நிலையத்தில் பிரிந்தோம். அவர்கள் திருநெல்வேலிக்கு, ஐம்பத்தாறு கிலோமீட்டர், அங்கிருந்து சென்னை ரயில். ரயில்வே வேலை என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“ரயில்ல போறதோட சரி. ஜூன்ல திரும்பவும் வெளிநாட்டுக்குக் கிளம்புதேன்.”

“அடுத்த ஆட்டம் மணி அடிக்காத ஊர்ல,” என்றாள் லலிதா. தோற்ற கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

போக நினைப்பவர்களுக்கு. ராஜபாளையத்துக்குக் கடைசி பஸ் ஏழரைக்கு, தவறவிடாதீர்கள். தனியாகப் போகும் பெண்ணுக்கு அறை கிடைக்காது. கேட்டுப் பாருங்கள், நாலு பேர் கேட்டால் ஐந்தாமவளுக்குக் கிடைக்கலாம். தண்ணீர் கொண்டுபோங்கள். கிளப் கதவு உட்பக்கம் தாழ் போட்டிருக்கும், பூட்டு கிடையாது, கையை விட்டால் திறக்கும்.

கிளப் வாசலில் அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. எடுக்க மாட்டார்கள், எடுப்பதாகச் சொல்லவும் இல்லை. ஆகையால் மட்டையோடு போகிற பெண்கள் மூன்று மணிக்குப் போகாதீர்கள். நாலேகாலுக்குப் போய் ஆட்டத்தைத் தொடங்குங்கள். கால் மணி நேரத்தில் தண்டவாளம் அடிக்கும். பந்தை மட்டும் பாருங்கள்.