றோஸ் அக்கா வெறுத்த சொல்

ஊர்காவற்றுறையில் யாருக்காவது இங்கிலீசில் கடிதமோ படிவமோ எழுத வேண்டுமென்றால் றோஸ் அக்காவிடந்தான் போக வேண்டும். கொழும்பில் கப்பல் காப்புறுதிக் கந்தோரொன்றில் இருபது வருடம் தட்டச்சு செய்தவர். கலியாணம் கட்டவில்லை. இங்கிலீசைக் கட்டிக்கொண்டார் என்று ஊர் பகிடி பண்ணும்.

எழுதுவதற்கு முன் அவர் செய்யும் விசாரணை பொலிசுக்கும் வராது. வள்ளத்தின் பாய் கிழிந்ததா? அது ‘மிஸ்ஹப்’. வள்ளம் கல்லில் மோதி உடைந்ததா? ‘அக்சிடென்ற்’. புயல் கரை முழுவதையும் வாரிக்கொண்டு போனதா? அப்போதுதான் ‘டிசாஸ்ரர்’. ஒருமுறை இளையதம்பி, ஆடு செத்ததற்கு ‘ட்ரஜடி’ போடச் சொல்லிக் கெஞ்சினார்.

“ஆட்டுக்கு அந்தச் சொல் பெருசு, அண்ணை. மனிசருக்குத் தேவைப்படும், வைச்சிருப்பம்.”

‘இன்சிடென்ற்’ என்ற சொல்லை மட்டும் அவர் தொடுவதேயில்லை. யாருக்கு என்ன நடந்தது, முடிந்ததா இல்லையா என்று ஒன்றும் சொல்லாமல் நழுவுகிற சொல். கந்தோர்க்காரர் பூசி மெழுகுவதற்கென்றே கண்டுபிடித்தது என்பார்.

2003 வைகாசியில் கடலுக்குப் போன சவிரிமுத்து திரும்பவில்லை. வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை. மூன்று மாதம் கழித்து அவர் மனைவி அல்போன்சம்மா மீன்வலை கேட்கும் நிவாரணப் படிவத்தோடு வந்தார்.

“வலை கிடைச்சா என்ர தம்பி தொழிலுக்குப் போவான், அக்கா. ஆனா அவர் செத்திட்டாரெண்டு மட்டும் எழுதாதேங்கோ. நான் இன்னும் அவருக்கு ஆத்துமப் பூசை குடுக்கேல்லை.”

றோஸ் அக்கா பேனையைத் திறந்தார், மூடினார். ‘அக்சிடென்ற்’ என்றால் எப்படி நடந்தது என்று கேட்பார்கள். ‘ட்ரஜடி’ என்றால் ஆளைப் புதைத்த மாதிரி. கடைசியில், வாழ்நாளெல்லாம் வெறுத்த அந்தச் சொல்லையே எழுதினார். அதில் அவர் கண்ட குற்றந்தான் அன்றைக்குக் கைகொடுத்தது. அது எதையும் முடித்து வைக்கவில்லை. வலையும் கிடைத்தது.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிச் செபத்துக்காகக் கோயிலில் கொடுப்பது வழக்கம். பலருக்கு அதையும் றோஸ் அக்காதான் எழுதுவார். அடுத்த வருடம் கார்த்திகையில் அல்போன்சம்மா வந்து தகப்பன், தாய், மாமியார் பெயர்களைச் சொன்னார். வேறு யாரும் உண்டா என்று றோஸ் அக்கா கேட்கவில்லை. அவசரமாகக் கடதாசியை மடிக்கப் போனார்.

“மடிக்காதேங்கோ, அக்கா. அவற்ர பேரையும் எழுதுங்கோ. ஒண்டரை வருசமா அவருக்கெண்டு ஒரு செபமும் சொல்லேல்லை, பாவம்.”

றோஸ் அக்கா சவிரிமுத்து என்று எழுதினார். ஊரார் துயரத்துக்கெல்லாம் சரியான சொல் பார்த்துக் கொடுத்தவருக்கு அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. அல்போன்சம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.