அம்மாவின் மாவுக்கட்டை நான் வெட்டியது

மாவுக்கட்டிலிருந்து பெருவிரலை மட்டும் வெளியே விட்டுவிட்டால் அம்மா வேலைக்குப் போகலாம் என்ற யோசனை, அவள் இடது கையால் சோறு அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்தபோதுதான் எனக்கு வந்தது. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத் தோட்டத்தில் காய் எடுப்பவள். ஈரச் சரிவில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்ததில், மணிக்கட்டில் முந்திரிப் பருப்பு அளவுள்ள ஒரு எலும்பு விரிசல் விட்டிருந்தது. டாக்டர் பெருவிரலையும் சேர்த்துக் கட்டியிருந்தார். பெருவிரல் இல்லாமல் ஏலக்காய் முறிக்க முடியாது. மூன்று வாரமாக அம்மா வீட்டில். வேறு ஆள் எடுக்கப் போவதாகக் கங்காணி சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் இயற்பியல் படித்தவள். போனில் கால் மணி நேரம் தேடினேன். சில இடங்களில் பெருவிரலை வெளியே விட்டுத்தான் கட்டுகிறார்கள் என்று இருந்தது. அடுத்த வரிகளை நான் படிக்கவில்லை. இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"விரலையும் சேத்து அறுத்துப்புடாத ஆத்தா. அப்புறம் கட்டே தேவைப்படாது" என்றாள் அம்மா.

"ஆடாம இரும்மா."

மறுநாளே மலையேறினாள். ஜீப்பில் கூட வருகிறவள், "ஆமை தலைய நீட்டுன கணக்கால்ல இருக்கு மதினி, ஒன் விரலு" என்றாளாம். அம்மா சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சில நாளில் கட்டு நைந்துபோக, அவளே கழற்றி எறிந்தாள். டாக்டர் திரும்ப வரச் சொன்ன நாளிலும் காய் எடுக்கத்தான் போயிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து, தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாமல் கீழே போட்ட பிறகுதான் அதே டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயில் எலும்பு இரண்டாகக் கிடந்தது. ஒரு பாதி மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"இந்தப் பாதி நல்லா உறுதியா இருக்கு போல சார்?" என்றேன்.

"அதுக்குத்தாம்மா ரத்தம் போகல. செத்துக்கிட்டு இருக்கு. இந்த எலும்புக்கு ரத்தமே ஒரு பக்கமாத்தான் வரும். அசையாம இருந்தாத்தான் ஒட்டும். கட்ட யாரு பிரிச்சது?"

"நாந்தான் சார். அரிப்பு தாங்கல" என்றாள் அம்மா.

"இல்ல சார், நான் வெட்டுனேன்."

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சீட்டு எழுதத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "எதுக்குடி சொன்ன? அவுக என்ன பரிசா குடுக்கப் போறாக?"

வியாழக்கிழமை ஆபரேசன். இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து இடைவெளியில் வைத்து, திருகாணி போட்டு இறுக்கிப் பார்ப்பார்கள். ஒட்டும் என்று டாக்டர் சொல்லவில்லை. பார்ப்போம் என்றுதான் சொன்னார். புதிதாகப் போடும் கட்டை டாக்டரே பிரிக்கும்வரை அம்மா இடத்தில் நான் வரலாமா என்று நாளைக் காலை கங்காணியிடம் கேட்கப் போகிறேன். முற்றின காய் எது, பிஞ்சு எது என்று இன்னும் எனக்குத் தெரியாது.