கோல்கீப்பருக்கு முன்னால் நின்ற கால்கள்

ஏறக்குறைய பந்தைத் தொடாமலே பந்தாட்டத்தில் வயிறு வளர்த்தவன் நான். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சோறு போட்டது அதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ரங்கூன் கெம்மண்டைனில் ஆற்றோரமாக இருந்த ஓர் அரிசி மில்லுக்கு மூட்டை தூக்க வந்தேன். ஒரு நாள் மூட்டை அடுக்கு சரிந்தபோது தோளைக் கொடுத்து நிறுத்திவிட்டேன். வீரமெல்லாம் இல்லை, விலக இடமில்லை. மானேஜர் துரை அதைப் பார்த்துவிட்டார். மில்லுக்கு ஒரு ஃபுட்பால் டீம் உண்டு. மறுநாளே மைதானத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. ஓடுகிறவர்கள் துரைக்கு ஏற்கனவே நிறையப் பேர் இருந்தார்கள். அவருக்கு வேண்டியிருந்தது நகராத ஆள். அன்றிலிருந்து நான் மில் கேட்டில் காவல்காரன். அது பேருக்கு. சம்பளம் ஆட்டத்துக்குத்தான்.

இப்போது ஆடுகிறவர்களுக்கு இது விளங்காது. அந்தக் காலத்துச் சட்டப்படி, பந்தைக் கையில் பிடித்திருக்கும் கோல்கீப்பரை எதிராளி தோளால் இடித்து, பந்தோடு சேர்த்து உள்ளே தள்ளலாம். தள்ளிவிட்டால் கோல். ரெஃபரி வாயைத் திறக்க மாட்டார். ஆகவே ஒவ்வொரு கோல்கீப்பருக்கும் முன்னால் என்னைப் போல ஒரு தடியன் தேவைப்பட்டான். பெருவிரலைச் சேற்றில் குத்தி, குதிகாலை ஊன்றி, வருகிறவனின் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பந்தைப் பார்த்தால் கெட்டோம். நாங்கள் வெறுங்கால்காரர்கள். எங்கள் காலில் இருந்த ஒரே பிடிமானம் எங்கள் தோல்தான்.

எங்கள் கோல்கீப்பர் நாகப்பட்டினத்துப் பிள்ளை, என்னைவிட இரண்டு வயது இளையவன். கோணி தைக்கும் பிரிவில் இருந்தான். தைத்த மூட்டைகளில் மார்க் எழுதுவதும் அவன்தான். அந்தக் கைகளின் வேகத்தைப் பார்த்துத்தான் துரை அவனையும் டீமில் சேர்த்தார். அவன் பந்தைப் பிடித்தால் மைதானமே எழுந்து நிற்கும். மாலை அவனுக்கு, தோளில் தூக்குவது அவனை. தூக்குகிற தோள் பெரும்பாலும் என்னுடையதாக இருக்கும். எனக்கு அதில் பொறாமை துளியும் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவன் ஒரு தடவை சொன்னது எல்லாப் பொறாமையையும் துடைத்துவிட்டது.

"அண்ணே, நீங்க முன்னால நிக்கிறப்ப நான் பந்தை மட்டுந்தான் பாப்பேன். வர்றவன் யாருன்னுகூட எனக்குத் தெரியாது."

ஒரு மழைக்காலத்தின் கடைசியில் அவனுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. இருபது நாள் கண் திறக்கவில்லை. அவன் பிழைத்தால் அடுத்த ஆடியில் பூக்குழி இறங்குகிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். அதற்கு முன் இரண்டு தடவை தீ மிதித்தவன் நான். ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு. ஒரு வருஷம் எங்கள் கூலி லைனில் குடியிருந்த ஒருவனுக்குக் கால் சுட்டுவிட்டது. "காப்புக் கட்டிக்கிட்டுக் கவுச்சி தின்னிருப்பான்" என்று எல்லோரும் பேசினார்கள். அதிகம் பேசியது நான். அந்த மனிதன் வேறு மில்லுக்கே போய்விட்டான்.

அவன் பிழைத்து எழுந்துவிட்டான். ஆடி வந்தது, காப்புக் கட்டிக்கொண்டேன். பத்து நாள் விரதம், ஒரு வேளைச் சாப்பாடு. ஆனால் பயிற்சி நிற்கவில்லை. அரையிறுதி ஆட்டம் பூக்குழி முடிந்து மூன்று நாள் கழித்து வைத்திருந்தார்கள். ஆறாம் நாள் காலை, கொட்டும் மழையில் இரண்டு மணி நேரம் இடிபட்டுவிட்டு பஜார் வழியாக வந்தேன். மொஹிங்கா விற்கும் அம்மாவின் பானையிலிருந்து ஆவி பறந்தது. என் கால் தானாக நின்றது. பர்மாக்கார அம்மாதான், ஆனால் மில் ஆட்களோடு பழகி அரைகுறைத் தமிழ் பேசுவாள்.

"கையிலே மஞ்சக் கயிறு இருக்கே. இதுலே ஙா இருக்கு, மீனு. நீ சாப்பிடலாமா?"

"மீன் துண்டு வேணாம்மா. சாறு மட்டும் ஊத்து."

மீனைக் கரைத்து ஊற்றுவதுதான் மொஹிங்காவே. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். துண்டை ஒதுக்கிவிட்டு ஊற்றினாள். இரண்டு கிண்ணம் குடித்தேன். துண்டு இல்லையே, அதனால் மீன் இல்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு வீடு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பூக்குழி. மூன்றாவது அடியிலேயே தெரிந்துவிட்டது. வலி பாதத்திலிருந்து தொடைக்கு ஏறியது. கத்தவில்லை, ஓடவில்லை. ஓடினால் தெரிந்துவிடுமே. மெல்ல நடந்து பால்குழியில் காலை வைத்தேன். அங்கே எங்கள் கோல்கீப்பர் நின்றுகொண்டிருந்தான். அத்தனை பேர் நடுவில் குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"சுட்டுச்சாண்ணே?"

"பூ மாதிரி இருந்துச்சு."

அந்த ஒரு வார்த்தையை நான் விழுங்கியிருக்கலாம். "ஆமாண்டா, வெந்துபோச்சு" என்றிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? லைனில் நாலு நாள் சிரித்திருப்பார்கள். நான் இன்னொருவனைப் பார்த்துச் சிரித்ததற்கு அது சரியாகப் போயிருக்கும்.

இரண்டு பாதத்திலும் கொப்புளம். கதவைச் சாத்திக்கொண்டு தேங்காய் எண்ணெய் போட்டேன். வெளியே வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தேன். செவ்வாய்க்கிழமை டீம் எடுக்கும்போது துரை, கிளார்க்கை விட்டு என்னைக் கேட்கச் சொன்னார். "நெருப்பு மிதிச்சியாமே, கால் எப்படி? கரீன் பையன் தயாரா இருக்கான், வேணும்னா அவனை நிறுத்திக்கலாம்." பர்மாவின் கரீன் இனத்தைச் சேர்ந்த அந்த வாலிபன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். நல்ல பலசாலி, ஒரு குறையும் இல்லை. நான் அவர்கள் எதிரில் இரண்டு தடவை குதித்துக் காட்டினேன். கிளார்க் சிரித்துக்கொண்டே என் பெயரை எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை எதிரே ஆடியது பட்டாளத்து டீம். எல்லோர் காலிலும் பூட்ஸ், அடியில் கட்டைகள் வைத்தது. முதல் பாதி எப்படியோ நின்றுவிட்டேன். சேறு குளிர்ச்சியாக இருந்தது. இடைவேளையில் கோல்கீப்பர் என் தோளில் சாய்ந்து ஆரஞ்சுச் சுளை தின்றான். "இன்னைக்கு நம்ம ஆட்டம்ணே" என்றான். அப்போதும் சொல்லவில்லை.

இரண்டாம் பாதியில் வலது காலின் கொப்புளம் உடைந்தது. மணல் உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் ஒரு பந்து தாழ்வாக வந்தது. அவன் விழுந்து பிடித்தான், தரையில் கிடந்தபடி இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். நெடிய சிப்பாய் ஒருவன் ஓடிவந்தான். நான் சரியான இடத்தில்தான் நின்றேன். இடுப்பைத்தான் பார்த்தேன். ஆனால் ஊன்ற வேண்டிய நேரத்தில் என் வலது கால் எனக்குக் கீழ்ப்படியவில்லை. வலியில் அதைத் தூக்கிவிட்டேன். ஒரு கணம்தான். நான் ஒற்றைக்காலில் நின்ற அந்தக் கணத்தில் சிப்பாய் என்னைப் புரட்டிவிட்டுப் போனான். நான் திரும்பிப் பார்த்தபோது கோல்கீப்பரின் வலது கையின் மேல் சிப்பாயின் பூட்ஸ் இருந்தது. அவன் மேலே பார்க்கவேயில்லை. நான் நிற்கிறேன் என்ற நம்பிக்கையில் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லோரும் பூட்ஸைத் திட்டினார்கள், சிப்பாயைத் திட்டினார்கள், ரெஃபரியைத் திட்டினார்கள். என்னைத் திட்ட ஒருவரும் இல்லை. என் காலில் ரத்தத்தைப் பார்த்து, "பாவம், இவனையும் மிதிச்சுட்டாங்க" என்றார்கள். நான் அதையும் மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தபோது விரல்கள் மடங்கவில்லை. ஊசி பிடிக்க முடியாது, பந்தும் பிடிக்க முடியாது. மில்லில் வேறு வேலை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் தினமும் போய் அவன் கட்டிலருகே உட்காருவேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். போனால் அவனே தொடங்கிவிடுவான். "உங்க மேல தப்பே இல்லண்ணே. நாந்தான் கையைத் தப்பா வச்சேன்." அடுத்த கட்டில்காரர்களிடமும் அப்படியே சொல்லி வைத்திருந்தான். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருக்கும். ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வருவேன்.

அவனுடைய ஊர் போகும் கப்பலுக்கு நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கப்பல்துறையில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. அவனை யாரும் இடித்துவிடாமல் நான் முன்னால் நடந்தேன். பழக்கம். ஏணியில் ஏறுவதற்கு முன் இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். வர்ற ஆடிக்கு என் கைக்காக ஒரு தடவை இறங்குவீங்களா? உங்க காலைத்தான் தீ சுடாதே. நீங்க கேட்டா அம்மா குடுப்பா. உசிரையே குடுத்தாளே."

"சரிடா" என்றேன்.

ஆடி வந்தது. நான் கோயில் பக்கமே போகவில்லை. தீயைவிட அம்மன் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. துரை டீமில் எனக்குப் பழைய இடத்தையே கொடுத்திருந்தார். எனக்குப் பின்னால் புதுக் கோல்கீப்பர். அதற்குப் பிறகும் நான்கு மழைக்காலம் ஆடினேன். நான் மலை மாதிரி நிற்பதாகப் பேசிக்கொண்டார்கள். அந்த ஆடியிலேயே அவன் ஊருக்கு மட்டும் ஒரு கார்டு எழுதிப் போட்டேன். "உனக்காக இறங்கினேன், பூ மாதிரி இருந்தது" என்று.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அண்ணன் காலுக்குக் கோடி நமஸ்காரம், அம்மன் கண் திறந்துவிட்டாள், விரல்கள் நன்றாக மடங்குகின்றன, இனி நீங்கள் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருந்தது. எத்தனையோ மூட்டைகளில் அவனுடைய கையெழுத்தைப் பார்த்தவன் நான். அந்தக் கார்டில் இருந்தது வேறு யாரோ எழுதிக் கொடுத்த எழுத்து. கீழே, அவன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், ஒரு கட்டைவிரல் ரேகைதான் இருந்தது.